மருமகனின் காற்றுக் குழாயில் யார் கை வைத்தது?

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் முதலில் போய் அதைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் யாருடைய குழாயில் யார் ஓட்டை போட்டார் என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் வீட்டில் ஓட்டை இல்லாத பாத்திரம் எத்தனை இருக்கிறது என்று நான் வந்து கேட்டேனா?

சரி, வந்து இருந்துவிட்டீர்கள். எழுப்பி அனுப்பினால் அதற்கும் ஒரு கதை கட்டுவீர்கள். சொல்லுகிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு நான் சொன்னது வேறு. அதையும் கடைசியில் சொல்லுவேன். இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

நான் என் இளைய மகளோடும் அவளுடைய புருஷனோடும் இருக்கிறேன். துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் வீடு. மருமகன் கடலுக்குள் இறங்குகிறவர். மீன் பிடிக்க அல்ல, மீன் காட்ட. வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் வந்தால் அவர்களுடைய முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, கீழே கூட்டிக்கொண்டு போய், புறாத்தீவுப் பக்கத்துப் பாறைகளையும் எப்போதோ மூழ்கிப்போன ஒரு கப்பலையும் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்து விடுவார். மீனைப் பார்க்க இவ்வளவு பாடா, சந்தைக்குப் போனால் செவுளைத் தூக்கியே பார்க்கலாமே என்று நான் கேட்டபோது சிரித்தார். அந்த நாளில் சிரிக்கிற மனிதராக இருந்தார்.

அவருக்கு ஒரு கூட்டாளி. கிண்ணியாப் பொடியன், முஸ்லிம் ஊர். பொடியன் என்று நான்தான் சொல்லுகிறேன், தாடியில் நரை விழுந்துவிட்டது. படகு இரண்டு பேருக்கும் பொது. சிலிண்டருக்குக் காற்று அடிக்கிற கொம்பிறசரும் பொது. அது கூட்டாளியின் கொட்டிலில் நிற்கிறது. சாமான்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. கடலால் வந்த சாமான்களை நல்ல தண்ணீரில் கழுவிக் கொடியில் போடுவது எங்கள் வீட்டு வேலை, எங்களிடம் கிணறு இருக்கிறபடியால். அதாவது என் மகளுடைய வேலை. என் வேலை கதிரையில் இருந்து பிழை பிடிப்பது.

சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிலிண்டரின் கழுத்தில் பூட்டுகிற பித்தளைத் தலை ஒன்று. அதிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர்க் குழாய் வாய்க்கு வரும். கீழே மனிதனுக்கு மூச்சு அதற்குள்ளால்தான் வருகிறது. குழாய் பித்தளையில் சேருகிற இடத்தில் மடிந்து வெடிக்காமல் இருக்க, அதற்கு மேல் தடித்த ரப்பர் உறை ஒன்று போட்டிருக்கும். சட்டைக் கையை இழுப்பது போல இழுத்தால் வழுக்கிக் கீழே வரும். அந்த உறையை நீங்கள் நினைவில் வைத்திருங்கள். நான் பிந்தித்தான் நினைத்தேன், அதனால்தான் இவ்வளவு பாடு.

முதல் தடவை குழாய் கசிந்தபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. படகில் வைத்துக் காற்றைத் திறந்ததும் மருமகனின் குழாயில் 'சூ' என்று ஒரு சத்தம். அன்றைக்கு வேறு குழாய் போட்டு இறங்கிவிட்டு, பின்னேரம் பழுதைப் பார்க்க இரண்டு பேரும் கிணற்றடிக்கு வந்தார்கள். மகள் குறுக்கே வந்தாள்.

"பொறுங்கோ, உப்போட கிடக்கு. கழுவித் தாறன், பிறகு பாருங்கோ."

என்ன பொறுப்பான பிள்ளை என்று நான் மனதுக்குள் மெச்சினேன். என் வளர்ப்பு.

கழுவி முடித்ததும் கூட்டாளி பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, குழாயைச் சிலிண்டரில் பூட்டிக் காற்றைத் திறந்து, மெல்ல உள்ளே தாழ்த்தினார். தண்ணீர் அசையாமல் வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு பார்த்தால், குழாயின் நடுவில் இருந்து சின்னச் சின்ன முத்தாகக் காற்று மேலே வந்தது.

"பூட்டில கசிஞ்சா உள்ளுக்குக் கிடக்கிற ரப்பர் வளையத்தை மாத்தலாம் மாமி," என்றார் கூட்டாளி. "இது குழாயின்ட உடம்பில கசியுது. ஒண்டும் செய்யேலாது. எறியத்தான் வேணும்."

"சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுற மாதிரி ஒட்டேலாதோ?"

"ஒட்டலாம். ஒட்டிப்போட்டு, மருமகனுக்குப் பதிலா நீங்க இறங்கோணும்."

"நான் இறங்கினா மீன் எல்லாம் பயந்து மேல வந்திடும். உங்கட பிழைப்புப் போயிடும்."

"அதுவும் சரிதான்."

"அப்ப இவரையே இறக்கும். நேற்றைக்கு விளைமீன் தலையை எனக்குத் தராமல் தனியத் திண்டவர். நாளைக்குக் கீழ கொண்டுபோய் அங்கயே விட்டிட்டு வாரும்."

எல்லோரும் சிரித்தோம். கூட்டாளியும் சிரித்தார். ஆனால் அவர் அந்தப் பேச்சை மனதில் பூட்டி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

புதுக் குழாய் வாங்கிப் போட்டார்கள். கொஞ்ச நாள் போனது. அதுவும் கசிந்தது. இன்னொன்று வாங்கினார்கள். அதுவும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். படகில் எத்தனையோ குழாய்கள் கிடக்கின்றன. வந்து போகிறவர்கள் கடிக்கிற குழாய்கள், காலால் மிதிக்கிற குழாய்கள். அவை எல்லாம் நன்றாக இருக்கின்றன. கூட்டாளியுடைய குழாய் கிழவன் மாதிரிச் சுருங்கி, நிறம் வெளிறிப்போய்க் கிடக்கிறது, அது கசியவில்லை. என் மருமகனுடைய குழாய் மட்டும், அதுவும் புதுக் குழாய், கசிகிறது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும், ஆனால் இதை வாசிக்கப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை.

முதலில் மானைச் சந்தேகித்தேன். எங்கள் ஊரில் மான்கள் ஆட்டைப் போல ரோட்டில் திரியும். முன்வீட்டுக்காரியின் பப்பாசிக் கன்றைத் தின்று, கொடியில் கிடந்த அவளுடைய உள்பாவாடையையும் சப்பிப் பார்த்துவிட்டுப் போனது ஒன்று. நானும் ஒரு தடியை மடியில் வைத்துக்கொண்டு கொடிக்குக் கிட்ட இருந்து பார்த்தேன். மான் வந்தது, குழாயை மணந்தது, தும்மியது, போய்விட்டது. பல் பட்ட அடையாளம் எந்தக் குழாயிலும் இல்லை. மானை விட்டேன்.

பிறகு குழாய் விற்கிற கடைக்காரனைச் சந்தேகித்தேன். ஆனால் அதே கடையில் வாங்கிய மற்றக் குழாய்கள் கசியவில்லையே. கடைக்காரனையும் விட்டேன்.

மிச்சம் ஒரு ஆள்தான்.

இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்கு முந்தி முன்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். வேலியில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நான் சொல்லுறன் எண்டு நினையாதையுங்கோ. உங்கட மருமகன்ர குழாய் மட்டும் ஏன் ஓட்டையாகுது? பழுது பாக்கிறது ஆர்? படகு ஆரின்ர பேரில கிடக்கு?"

"ரெண்டு பேற்ற பேரிலயும்."

"ஒராள் இல்லாட்டி?"

நான் கொடியில் கிடந்த சீலையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்குப் பின்னேரமே ஒழுங்கை முழுக்க அந்தக் கதைதான். கிண்ணியாக்காரன் இப்படி, கிண்ணியாக்காரன் அப்படி என்று. அவர் ஓட்டோவில் வந்து இறங்கினால் படலைகளுக்குப் பின்னால் தலைகள் முளைத்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் அது நடந்தது. அதுவரையில் கசிவு எல்லாம் படகிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தெரியவில்லை. கப்பலடிக்கு இறங்கின பிறகு, மருமகன் தன் காற்று மீட்டரைப் பார்த்தால், இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. முதுகுப் பக்கத்தால் முத்துமுத்தாக மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கூட்டாளி கண்டு, நீந்தி வந்து, தன்னுடைய சிலிண்டரில் கிடந்த மேலதிக வாய்க்குழாயை அவருக்குக் கொடுத்து, இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டு ஆறுதலாக, மெல்ல மெல்ல மேலே வந்தார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது மகள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டாள். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டாள். நான் கேட்டேன்:

"அப்ப அவர்தானே தம்பி காப்பாத்தினது?"

மருமகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ஓம் மாமி. ஆனா நான் கையைக் காட்ட முதலே வந்திட்டான். பாத்துக்கொண்டு நிண்டவன் மாதிரி."

சந்தேகம் என்பது இப்படித்தான். நல்லது செய்தால் ஏன் செய்தான் என்று கேட்கும். அன்றிலிருந்து மருமகன் அவரை மச்சான் என்று கூப்பிடவில்லை. போனில்கூட "ஓம்", "இல்லை" என்று மட்டும். படகில் போகும்போது ஒருவர் முன்னுக்கும் ஒருவர் பின்னுக்கும் இருப்பார்களாம். ஒரு நாள் மருமகன் முடிவாகச் சொல்லிவிட்டார்: நாளை மறுநாள் சாமான்களைப் பிரிக்கிறோம், இனி அவர் வழி அவர், என் வழி நான். படகை விற்பதாம். தனியாக இறங்கப் போகிறாராம். கடலுக்குள் தனியாக இறங்குகிறவனுக்குக் குழாய் கசிந்தால் யார் நீந்தி வருவது என்று நான் கேட்கவில்லை. மகள் கேட்டாள். அவர் சேட்டைக் கொளுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கே கடைசிக் குழாயைப் பூட்டக் கூட்டாளி எங்கள் கிணற்றடிக்கு வந்தார். இன்னும் ஒரு ஓட்டம் இருந்தது, முதலே ஒப்புக்கொண்ட ஆட்களுக்கு. மருமகன் வெளியே போயிருந்தார். நான் கதிரையை இழுத்து அவருடைய கைக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தேன். அவர் ஸ்பானரைப் பிடிக்கிற விதம், விரலை வைக்கிற விதம் எல்லாவற்றையும் பார்த்தேன். தாடியைச் சொறிந்தால் எதற்குச் சொறிகிறார் என்று யோசித்தேன்.

பார்த்தால், அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மாமி, ஒண்டு கேட்பன், கோவிக்கப்படாது."

"கேளும். கோவிக்கிறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"சாமான் கழுவேக்க நீங்களும் கிட்ட நிப்பீங்களோ?"

"இது என்ர கிணத்தடி. நிப்பன், இருப்பன், படுப்பன். ஏன்?"

"சும்மா." கொஞ்ச நேரம் பூட்டினார். பிறகு, "முந்தி உங்கட சீலையில தோளில ஒரு பின் குத்தியிருப்பீங்க. இப்ப காணேல்ல?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. உண்மைதான், என் பின்கள் கொஞ்ச நாளாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தைக்கிற டப்பாவிலும் இல்லை. ஆனால் அது இந்த மனிதருக்கு எதற்கு?

"என்ர பின்னில உமக்கென்ன அலுவல்? கிண்ணியாவில பின் விக்கிறேல்லையோ?"

"கோவிக்காதீங்க எண்டனே மாமி."

"குழாயைப் பூட்டும்."

பிழை செய்கிற ஆள்தான் கதையை இப்படி வேறு பக்கம் திருப்புவார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் என் வேலையைச் செய்தேன். தலையில் ஒரு நரை முடியை இழுத்துப் பிடுங்கி, ரப்பர் உறை முடிந்து குழாய் தொடங்குகிற இடத்தில், பாதி உறையிலும் பாதி குழாயிலும் படுகிற மாதிரிச் சுற்றி, மெல்லிய முடிச்சுப் போட்டேன். குழாய் முழுக்கத் திறந்து கிடக்கிறது. யாராவது ஒளித்து ஏதும் செய்வதென்றால் அந்த உறைக்குள்தான் செய்யவேண்டும். உறையை இழுத்தால் முடி அறும். என் கண்ணுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் எங்கே பார்ப்பது என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் அந்தக் குழாய் கடலுக்குப் போனது. கூட்டாளியின் கையால் படகில் ஏறி, கூட்டாளியின் கையால் இறங்கி, பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். முடி அப்படியே இருந்தது. உப்பு பிடித்து வெள்ளிக் கம்பி மாதிரி.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் சொல்லவேண்டும். ஆளைப் பிடிக்கத் தடி தூக்கினவள், ஆள் நல்லவன் என்று தெரிந்தால் தடியை எங்கே வைப்பது? மகள் சாமான்களைக் கழுவிக் கொடியில் போட்டாள். நான் செபமாலை சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடிந்தால் பிரிக்கிற நாள். மருமகன் முற்றத்தில் சாமான்களை இரண்டு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவருடையது, மாமரத்துப் பக்கம் கூட்டாளியுடையது. ஒரு சிலிண்டரை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நடுவில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டோ வந்து படலையில் நின்ற சத்தம் கேட்டது. நான் கொடியடிக்குப் போனேன். என் முடியைக் கழற்றி எறிந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

முடி இல்லை.

இரண்டு துண்டாக அறுந்து, ஒரு துண்டு மட்டும் உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டாளி கடலில் இருந்து வந்து கொடுத்த பிறகு இந்தச் சாமான் எங்கள் வளவை விட்டு வெளியே போகவில்லை. வளவுக்குள் இருந்தது மூன்று பேர். என்னை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் பார்த்தேன். மருமகன் தன் குழாயைத் தானே குத்துகிற அளவுக்கு விசரர் இல்லை.

உறையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே, உறையின் உள்பக்கத்தில், என்னுடைய சேப்டி பின் ஒன்று. அதில் கோத்தபடி ஒரு சின்ன மாதா பதக்கம். என் கழுத்தில் கிடந்து, மகளுடைய கலியாணத்துக்கு நான் கொடுத்தது. கண் மங்கினாலும் அந்தப் பதக்கத்தை நான் மாறிப் பார்க்கமாட்டேன். அதன் ஓரத்தில் மகள் குழந்தையாக இருக்கும்போது கடித்த பல் அடையாளம் இருக்கிறது.

குசினிக்குள் போனேன். மகள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"பிள்ளை, இது என்ன?"

பார்த்தாள். உடனே சட்டியைப் பார்த்தாள். "மாதா."

"மாதா எண்டு எனக்கும் தெரியும். அவ ஏன் குழாய்க்குள்ள குடியிருக்கிறா?"

"கத்தாதையுங்கோ அம்மா, அவருக்குக் கேக்கும். கழுத்தில போடச் சொன்னனான். சங்கிலி எங்கயாவது மாட்டுப்படும், ஏலாது எண்டவர். அவற்ற நீச்சல் உடுப்பில குத்தினன், கண்டு கழட்டிப்போட்டார். நான் என்ன செய்யிறது? முந்தி ஒருக்காக் கடலால வரேக்க காதால ரத்தம் வந்து நிண்டவர் தெரியுமே? மூச்சு வாற வழியில வைச்சா அவ பாத்துக்கொள்ளுவா எண்டு..."

"ஒவ்வொரு குழாய்க்கும் வைச்சியோ?"

"கசியுது எண்டு சொன்ன உடன கழுவுற சாட்டில எடுத்திடுவன். புதுசு போட்டாப் பிறகு வைப்பன். பின்தான் உப்புக்குத் துருப்பிடிச்சுப் போகும், மாத்துவன்."

"என்ர பின்."

"உங்கட பின்தான்."

"அந்தப் பின்தானடி ஓட்டை போடுது!"

அவள் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகத் தெரியாது அவளுக்கு. உறையில் குத்தும்போது முனை உள்ளே குழாயின் தோலைத் தொட்டிருக்கிறது. பிறகு குழாய் வளைகிற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. காற்று அந்தத் துளையால் வந்து, மேல் தோலுக்குக் கீழே ஓடி, வேறு இடத்தில் வெளியே வந்திருக்கிறது. அதனால்தான் பேசினில் பார்த்தவர்களுக்கு நடுவில் முத்துத் தெரிந்தது, உறைக்குள் தேட முதலில் யாருக்கும் தோன்றவில்லை.

"இல்லையம்மா," என்றாள். "ஒவ்வொரு முறையும் இறங்க முதலே கசிவு தெரிஞ்சுதே? அது மாதா காட்டிக் குடுத்தது எண்டுதான் நான்..."

"ஓட்டை போடுறதும் அவவின்ர பின், காட்டிக் குடுக்கிறதும் அவவோ? நல்ல உத்தியோகம்."

"கப்பலடியில கூட அவருக்கு ஒண்டும் நடக்கேல்லத்தானே?"

"அண்டைக்குக் காப்பாத்தினவருக்குத் தாடி இருந்தது. அவர் இப்ப படலையடியில நிக்கிறார், சாமானை ஏத்திக்கொண்டு போக. போய்ச் சொல்லு."

"நீங்க சொல்லுங்கோ."

"நான் சொன்னா ஆர் நம்புறது? பகிடி விடுறன் எண்டுவினம். நீதான் சொல்லோணும். இப்பவே."

இந்த ஒரு விஷயத்துக்குத்தான் என் பகிடி எனக்கு உதவவில்லை. மகள் என் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு, தேங்காய்ப்பால் கையோடு போனாள். நான் பின்னால் போனேன், பிழை பிடிக்கிறதுக்கு.

முற்றத்தில் மருமகனும் கூட்டாளியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மாமரத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஓட்டோவில் ஏறிவிட்டன. மகள் நடுவில் போய் நின்றாள். கையை நீட்டினாள். பதக்கமும் பின்னும்.

மருமகனுக்கு விளங்கவில்லை. கூட்டாளிக்கு விளங்கிவிட்டது. அவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு துண்டு ரப்பரை எடுத்தார். பழைய குழாயில் நெடுக்காகக் கீறி எடுத்த துண்டு. அதன் உள்பக்கத்தில் எள்ளளவு துருப் புள்ளி ஒன்று.

"கப்பலடிக்கு இறங்க முதலே, பழுதாப்போன குழாய் ஒண்டை எறியாம வெட்டிப் பாத்தன்," என்றார். "பின் குத்தினது எண்டு கண்டன். உன்னட்டச் சொன்னா உன்ர வீட்டுக்குள்ள தீ வைச்ச மாதிரி. சொல்லாட்டி நான் கள்ளன். என்னத்தைச் செய்ய? அதுதான் கீழ இறங்கினா உன்ர முதுகை விட்டுக் கண் எடுக்காம நிண்டன்."

"ஆர் எண்டு நினைச்சனீ?" என்று மருமகன் கேட்டார். மகளைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

கூட்டாளி தாடியைச் சொறிந்தார். "மாமி எண்டு நினைச்சன்."

"நானோ?" என்றேன். "நான் ஏன் என்ர மருமகனைக் கொல்லோணும்?"

"நீங்கதானே அவரைக் கீழ விட்டிட்டு வரச் சொன்னீங்க? மீன் தலைக்கு."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். இவ்வளவு நாளும் நான் இவரைக் காவல் காக்க, இவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். இரண்டு பேரும் நல்ல சம்பளக்காரப் பொலிஸ்.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், சங்கிலியில் தொடங்கி, காதில் வந்த ரத்தம் வரை. அழவில்லை. அழுதிருந்தால் மருமகனுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கவிழ்ந்து கிடந்த பேசினில் இருந்துவிட்டார். பதக்கத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மனிதர் இப்போது என்ன சொல்லுகிறாரோ அதில்தான் என் பிள்ளை இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பதும் நடக்காமல் விடுவதும்.

"இனிப் பின் குத்தாத," என்றார். பிறகு, இன்னும் மெதுவாக, "பின் இல்லாம வைக்க வழி இருந்தா வை."

எழும்பிப் படலையடிக்குப் போனார். ஓட்டோவைப் பார்த்தார்.

"சிலிண்டரை இறக்கு மச்சான்."

கூட்டாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீயே இறக்கு. ஏத்தினது நீதானே."

இறக்கினார், ஒவ்வொன்றாக. ஓட்டோக்காரன் இதற்கும் கூலி உண்டா என்று கேட்டான். கூட்டாளி கடைசிச் சிலிண்டருக்கு மட்டும் ஒரு கை கொடுத்தார், அதுவும் அது காலில் விழப்போனபடியால்.

மருமகன் கீழே இறங்கும்போது போடுகிற காற்றுச் சட்டையின் உள்பக்கத்தில், நெஞ்சுக்கு நேரே, நான் ஒரு சின்னப் பை தைத்தேன். நல்ல தடித்த நூலால், பின் இல்லாமல், ஊசியைக் குழாய்ப் பக்கம் கொண்டு போகாமல். மாதா இப்போது அதற்குள் இருக்கிறா. கூட்டாளியும் தன் சட்டையைக் கொண்டுவந்தார்.

"எனக்கும் ஒரு பை தையுங்க மாமி. உம்மா ஓதித் தந்த நூல் ஒண்டு வைக்க இடமில்லாமப் பேர்சுக்குள்ள கிடக்கு."

"உமக்கு ஊசி பிடிக்கிற கையில நம்பிக்கை இருக்கோ?"

"இல்லை. கிட்ட நிண்டு பாக்கத்தான் வந்தனான்."

நின்று பார்த்தார், கடைசித் தையல் வரைக்கும். இன்றைக்கும் அவர் வந்தால் முதலில் என் தோளைப் பார்ப்பார், பின் இருக்கிறதா என்று. நானும் சாமான் கழுவிக் கொடியில் ஏறினதும் ஒவ்வொரு உறையாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மகள் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள். திருப்பட்டும். பக்தியுள்ள பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது.

ஆனால் ஒழுங்கை இருக்கிறதே. சாமான் ஏறினதையும் கண்டார்கள், இறங்கினதையும் கண்டார்கள். அன்றைக்கே முன்வீட்டுக்காரி வேலிக்கு வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் என் மகள் புருஷனைக் குத்தினவள் ஆகிவிடுவாள். சொல்லாமல் விட்டால் கிண்ணியாக்காரர் கள்ளனாகவே இருப்பார்.

"என்ன அக்கா, பிரியினம் எண்டாங்கள், பிறகு இறக்கினம்? அவன்தானே செய்தது?"

"இல்லை. மான்."

"மானோ!"

"ஓம். உன்ர உள்பாவாடையைத் திண்டது இல்லை, இது வேற. சின்னப் பல்லு. ஊசி மாதிரி. குழாயைக் கடிச்சுக் கடிச்சுப் பாத்திருக்கு. அந்தத் தம்பிதான் வெட்டிப் பாத்துக் கண்டு பிடிச்சவர். அவர் இல்லாட்டி இண்டைக்கு என்ர மருமகன் இல்லை."

முன்வீட்டுக்காரி ஒரு மூச்சு யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "எனக்கு அப்பவே தெரியுமக்கா. உந்த மானுகளை நம்பேலாது. அந்தப் பொடியன் நல்ல பொடியன், முகத்தில தெரியும்."

பொழுதுபட முதல் கதை ஒழுங்கைக் கடைசி வரை போய்விட்டது. கடைக்குப் போன இடத்தில் இன்னொருத்தி என்னை மறித்தாள்.

"மானைப் பிடிச்சிட்டியளாமே? என்ன செய்தனீங்கள்?"

"குசினியில கட்டி வைச்சிருக்கிறன்."

"விசரே உங்களுக்கு? மானைக் கொண்டுபோய்க் குசினியில... ஒரு கரைச்சலும் தராதோ?"

"ஒரு கரைச்சலும் இல்லை," என்றேன். "என்ர பின்னை மட்டும் ஒளிச்சு வைச்சாப் போதும். மற்றும்படி நல்லாச் சொதி வைக்கும்."